வாய் திறந்த மீன்கள்

புத்தளத்து அகதி முகாமில் வளர்ந்து ஊர் திரும்பிய முபாறக்குக்கு, நகரத்துக் கழிவுநீரைச் சுத்தமாக்கி ஆற்றில் விடும் நிலையத்தில்தான் வேலை கிடைத்தது. நாற்றம் பழகிவிட்டது. கெட்ட தண்ணீர் போய்விடுமோ என்ற பயம்தான் பழகவேயில்லை, நிலையத்துக்குக் கீழே அந்த ஆற்றங்கரையில்தானே அவன் வீடும் இருந்தது. அதனால் கடைசித் தொட்டியில் திலாப்பியா மீன்களை விட்டிருந்தான். காலையில் பொரி எறிவான். மீன்கள் மேலே வந்தால் தண்ணீர் நல்லதென்று மதகைத் திறப்பான்.

அன்று பொரி எறிய முன்னரே மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. பசியாக்கும் என்று சிரித்தபடி மதகைத் திறந்துவிட்டு, தேநீர் குடித்து வந்து பொரியை எறிந்தான். ஒன்றுகூடத் தின்னவில்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது: தண்ணீருக்குள் காற்றடிக்கும் மெசின் சத்தத்தையே காணோம். இரவு மின்சாரம் போனபோது நின்றது, பிறகு ஓடவேயில்லை. மீன்கள் வந்தது பசியில் இல்லை, மூச்சு முட்டி.

மதகை இழுத்து மூடினான். போன தண்ணீர் போனதுதான். சைக்கிளை வீட்டுக்கு மிதித்தான்.

வாசலில் மனைவி ஸாஜிதா ஈர உடுப்போடு நின்று வாளியைத் தூக்கிக் காட்டினாள்.

"இஞ்ச பாருங்கோ, வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை, கையாலயே அள்ளினனான். எல்லாம் வாயைத் திறந்துகொண்டு கரையில வந்து நிண்டது. பிள்ளையள் இன்னும் தண்ணிக்குள்ளதான் நிக்குதுகள்."