கல்லுக்குத் தொட்டில் ஆட்டிய ஆடி மாதம்

எங்கள் பாஸ்போர்ட்டின்படி இந்தியா எங்களுக்கு வெளிநாடு. நானும் அவரும் பினாங்கில் பிறந்து வளர்ந்தவர்கள். அவருடைய அப்பாவின் அப்பா வீரகேரளம்புதூரிலிருந்து கப்பலேறியவர் என்பதைத் தவிர, எங்களுக்கும் இந்தச் சீமைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அப்படிப்பட்ட நாங்கள் அறுபதுகளின் நடுவில் ஒரு வைகாசியில் நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயிலேறித் தென்காசிக்கு வந்து, மொட்டைக் கோபுரம் தெரிகிற தெருவில் ஒரு மாடிப் போர்ஷனைப் பிடித்து ஐந்து மாதம் குடியிருந்தோம். தெருவில் எங்களுக்குப் ‘பினாங்குக்காரவுக’ என்று பெயர். நான் கடைத்தெருவைப் பசார் என்பேன். அவர் வேட்டிக்கு மேல் பெல்ட் கட்டுவார். தெரு சிரிப்பதற்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

வந்த காரியம் மட்டும் சிரிக்கிற காரியம் இல்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் எங்களுக்குக் குழந்தை இல்லை. கடையம் போகிற பாதையில் இருந்த ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு எழுதிப் போட்டிருந்தோம். நேரில் வந்து பாருங்கள் என்று பதில் வந்தது. போய்ப் பார்த்தோம். நான்கு மாதப் பெண் குழந்தை. அவர் குனிந்ததுதான் தாமதம், சட்டைப் பையிலிருந்த பேனாவை லபக்கென்று பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. இல்லத்து வார்டன் அம்மா வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பேனாவை மீட்டுக் கொடுத்தார். திரும்பி வருகையில் பஸ்ஸில் அவர் அந்தப் பையைத் தடவிக்கொண்டே வந்தார். எனக்கும் அவளைத் தவிர வேறு பிள்ளை வேண்டாம் என்று ஆகிவிட்டது.

ஆனால் கேட்டவுடன் தூக்கிக் கொடுத்துவிட அது கத்தரிக்காயா? ஜில்லா கோர்ட்டு அனுமதி தர வேண்டும். கோர்ட்டுக்கு வார்டன் அம்மா ரிப்போர்ட் எழுத வேண்டும். அதற்கு எங்கள் வீட்டை அவர் வந்து பார்க்க வேண்டும். என்றைக்கு வருவார் என்று சொல்ல மாட்டார். என் கணவருடைய லீவு ஐப்பசியோடு முடிகிறது. அதற்குள் ஒன்றும் நடக்காவிட்டால் அவளை இங்கேயே விட்டுவிட்டு நாங்கள் கப்பலேற வேண்டியதுதான்.

வார்டன் அம்மா ஒல்லியான மனுஷி. வெள்ளைச் சேலை, மணிக்கட்டின் உள்பக்கம் பார்த்த கடிகாரம், பென்சில் சொருகிய சின்ன நோட்டு. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு லிஸ்ட் கொடுத்தார். தொட்டில் ஒன்று, கொசுவலை ஒன்று, கவுன் ஆறு, பால் பாட்டில் இரண்டு. “இதெல்லாம் வீட்டில் தயாராக இருக்க வேண்டும். ஆசை இருக்கிற இடத்தில் ஏற்பாடு இருக்கும்” என்றார். மற்றபடி ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் வந்து பார்த்துவிட்டுப் போகலாம், தூக்க மட்டும் கூடாது.

மீதி ஆறு நாளுக்கு என்ன செய்வது? குற்றாலம் கூப்பிடு தூரத்தில் இருந்தது, சாரலும் கட்டியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வாரத்தில் நான்கு நாள் அருவியிலேயே கிடந்தோம். அவர் எண்ணெய் தேய்க்கிறவரிடம் முதுகைக் கொடுத்துவிட்டுப் பாறையில் கவிழ்ந்து படுப்பார். நான் பெண்கள் பக்கம் போய், தலையில் தண்ணீர் விழுகிற சாக்கில் வாய்விட்டுக் கத்துவேன். பிள்ளைக்காகக் காத்திருக்கிறவர்கள் மாதிரியே இல்லை, புதுசாகக் கல்யாணமானவர்கள் மாதிரி இருக்கிறது என்று தெரு பேசிக்கொண்டது. அதைக் கேட்டு அவருக்கு ரொம்பச் சந்தோஷம்.

கீழ் வீட்டில்தான் எங்கள் வீட்டுக்காரர் குடும்பம். அண்ணாச்சிக்குக் குற்றாலத்தில் துண்டு, சோப்பு, எண்ணெய் விற்கிற கடை. அவர் மனைவியை நான் மதினி என்பேன். ஐந்து பெற்று ஐந்தையும் ஆளாக்கியவள். நான் செங்கோட்டை ஆசாரியிடம் சொல்லிவைத்துச் செய்த மரத் தொட்டிலைக் கூலியாள் மாடிக்கு ஏற்றிவிட்டு இறங்குகையில், மதினி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“ஏட்டி, ஒனக்குக் கூறு இருக்கா? பிள்ளை வாசப்படி ஏற முன்ன தொட்டில வாங்கியாந்து நிறுத்திருக்கியே. காலித் தொட்டிலு வீட்டுல கெடந்தா வாரதும் வராமப் போயிரும்.”

“வார்டன் அம்மா லிஸ்ட்ல இருக்கு மதினி.”

“அவுகளுக்கு எத்தன பிள்ளை?”

“அவங்களுக்குக் கல்யாணமே ஆகலையாம்.”

“அப்பம் அவுகளுக்கு என்ன தெரியும்? நான் அஞ்சு பெத்தவ சொல்லுதேன், கேளு.”

நான் கேட்கவில்லை. மறுநாள் அருவிக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் தொட்டிலைக் காணோம். கீழ் வீட்டு நெல் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தது. தூக்கிக்கொண்டு வந்தேன். அடுத்த நாள் மாட்டுத் தொழுவத்துக்குப் போயிருந்தது. இப்படி அந்தத் தொட்டில் பிள்ளை ஏறுவதற்கு முன்பே நிறைய ஊர் சுற்றியது. கவுன்கள் கதை இதைவிட மோசம். முதல் துணி புதுத்துணியாக இருக்கக் கூடாது, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித் துண்டுதான் ஆகும் என்று மதினி நாலு துண்டு கிழித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னுடைய ஆறு பினாங்கு கவுன்களையும் பத்திரமாக இருக்கட்டும் என்று அண்ணாச்சியின் கடைக்கு அனுப்பிவிட்டாள். எதற்கு என்று அண்ணாச்சியிடம் சொல்ல மறந்துபோனாள். அவர் துண்டுகளுக்குப் பக்கத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுவிட்டார். ஒரு நாள் அருவிக்கரையில் யாரோ ஒரு மதுரைக்காரக் குழந்தை என்னுடைய மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டு முறுக்குத் தின்றுகொண்டிருந்தது.

நான் அண்ணாச்சியின் கடை வாசலிலேயே வைத்து மதினியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு மூச்சு சத்தம் போட்ட பிறகுதான் அவள் கொஞ்சம் இறங்கி வந்தாள்.

“சரிட்டி. தொட்டிலு காலியாத்தான கெடக்கக் கூடாது? பேரு வைக்க அன்னைக்குப் பிள்ளைக்கு முந்தி அம்மிக்குழவியத்தான் தொட்டில்ல கெடத்துவோம். அது நொடி நேரத்துக்கு. ஒனக்காக ஒரு மாசம் கெடந்துட்டுப் போகட்டும்.”

அப்படித்தான் மதினி வீட்டு அம்மிக்குழவி எங்கள் தொட்டிலுக்கு வந்து சேர்ந்தது. நல்ல கனமான கருங்கல். மதினியைச் சீண்டுவதற்காகத்தான் நான் ஆரம்பித்தேன். பழைய வேட்டித் துண்டில் அதைச் சுற்றினேன். பொட்டு வைத்தேன். கண் இருக்க வேண்டிய இடத்தில் மை தீட்டினேன். காலையில் வெந்நீரில் குளிப்பாட்டித் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டு மதினி பார்க்கும்படி மாடி முகப்பில் நடந்தேன். அவர் வெளியே போய்விட்டு வந்தால் செருப்பைக் கழற்றும்போதே, “தூங்கிட்டாளா?” என்பார். “இப்பத்தான் கண்ணசந்தா. சத்தம் போடாதீங்க” என்பேன். அம்மியில் அரைக்க வழியில்லாமல் துவையலை உரலில் போட்டு இடித்துக்கொண்டிருந்த மதினி மட்டும் கீழேயிருந்து குரல் கொடுப்பாள். “ஒம் மவ எப்பட்டி எந்திரிப்பா? தேங்கா காயுது.”

ஒன்றை மட்டும் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. அவர் தபாலாபீசுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், மதினியும் வீட்டில் இல்லை. சாரல் ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. பார்க்க ஆளில்லாத அந்த நேரத்திலும் நான் தொட்டிலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஈரக் காற்று படுமே என்று கல்லின்மேல் துணியை இழுத்துவிட்டேன். அப்புறம் எனக்கே பயமாகிப் போய், எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன்.

ஆடி பாதியில் ஐந்தருவியிலிருந்து ஒரு நாள் திரும்பினோம். என் தலை சொட்டச் சொட்ட ஈரம். அவர் காது மடலில் எண்ணெய், தலையில் துண்டு முண்டாசு, கையில் பாதி தின்ற பலாச்சுளைப் பொட்டலம். வாசலில் யாருடையதோ செருப்பு நேராகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. அவ்வளவு நேராகச் செருப்பைக் கழற்றுகிறவர்கள் எங்கள் தெருவில் கிடையாது.

நடந்ததை மதினி பிற்பாடு சொன்னாள். வார்டன் அம்மா வந்து கேட்டாராம். “அவுக அருவிக்குப் போயிருக்காவ, வாரத்துல நாலு நாளு அங்கனதான்” என்று மதினி நல்லவிதமாகவே சொன்னாளாம். அவர் மாடிப்படி ஏறியிருக்கிறார். பின்னாலேயே ஓடிய மதினி, ஒரு மாதப் பழக்கத்தில், “மெதுவா ஏறுங்க, பிள்ளை தூங்குது” என்றுவிட்டாள். வார்டன் அம்மா படியிலேயே நின்று, “எந்தப் பிள்ளை?” என்று கேட்டிருக்கிறார்.

நாங்கள் மேலே போனபோது கொசுவலை விலகிக் கிடந்தது. வார்டன் அம்மா கல்லைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கென்று பொட்டு பெரிதாக வைத்திருந்தேன்.

“இது என்ன?”

இவர் முண்டாசை அவிழ்த்துக்கொண்டு ஆபீஸ் இங்கிலீஷில் ஏதோ தொடங்கினார். நான் அவரை நிறுத்திவிட்டு இருப்பதைச் சொன்னேன். காலித் தொட்டில் ஆகாது என்று மதினி சொன்னதற்காக வைத்தோம், கேலிக்குத்தான் பொட்டு வைத்தேன், அப்புறம் கேலி எங்கேயோ போய்விட்டது என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அருவித் தண்ணீர் என்று வார்டன் அம்மா நினைத்துக்கொள்ளட்டும் என்று முகத்தைத் துடைக்காமல் நின்றேன்.

“ஆறு கவுன்?”

“வித்துப்போச்சு” என்றாள் மதினி. “அது எம் மேல உள்ள தப்பு. இவ மேல எழுதிராதிய.”

வார்டன் அம்மா கல்லைத் தொட்டிலில் கிடத்தினார். நோட்டில் ரொம்ப நேரம் எழுதினார். படியிறங்கும்போது திரும்பி, “மை யார் வைத்தது?” என்றார்.

“நான்தான்.”

“கண்ணுக்கு மை வைக்கக் கூடாது. இல்லத்தில் நாங்கள் வைப்பதில்லை” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எல்லாம் போயிற்று என்றே நினைத்தேன். கல்லுக்குப் பொட்டு வைத்தவளிடம் பிள்ளையைக் கொடுங்கள் என்று எந்த வார்டன் எழுதுவார்? எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. “உங்க வழக்கம் என் பிள்ளையைக் கொண்டுபோயிருச்சு மதினி. இப்ப நிம்மதியா?” என்றேன். அவள் எப்போதும் ஒன்றுக்கு ஒன்பது பேசுகிறவள். அன்று படியிறங்கிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் மாடிப்பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு கிண்ணத்தில் இடித்த துவையலைக் கொண்டுவந்து நீட்டினாள். “உப்பு சரியா இருக்கா பாரு” என்றாள். சரியாகத்தான் இருந்தது. நான் இன்னொரு தடவை வாங்கித் தின்றேன். குழவியைத் திருப்பித் தா என்று அவள் கேட்கவில்லை, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. அருவிக்குப் போவதை மட்டும் நிறுத்திவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வார்டன் அம்மா வழக்கம்போல் ஒரு மணி நேரம் விட்டார். ரிப்போர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்க எங்களுக்குத் தைரியமும் இல்லை. குழந்தை உட்காரப் பழகியிருந்தாள். கப்பல் டிக்கெட்டுக்கு எழுத வேண்டிய கடிதத்தில் மூன்று பேர் என்று போடுவதா இரண்டு பேர் என்று போடுவதா என்று தெரியாமல் இவர் அந்தக் கடிதத்தை எழுதாமலே வைத்திருந்தார்.

ஆவணிக் கடைசியில் தபாலில் ஒற்றை வரி வந்தது. கோர்ட்டு சம்மதித்துவிட்டது, புதன்கிழமை குழந்தையைக் கொண்டுவருகிறேன்.

குழந்தையைக் கையில் கொடுத்துக் கையில் வாங்க வேண்டும் என்பது சட்டமாம். வார்டன் அம்மா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறி வந்தார். மதினி ஆரத்தித் தட்டோடு நின்றாள். பழைய வேட்டித் துண்டை நான்காக மடித்து வைத்திருந்தாள். வார்டன் அம்மா நேராகத் தொட்டிலிடம் போய், குழந்தையை ஒரு நிமிஷம் மதினியிடம் கொடுத்துவிட்டு, குனிந்து இரண்டு கையாலும் கல்லைத் தூக்கினார். கழுத்துப் பக்கம் தாங்கித்தான் தூக்கினார்.

“மூத்தவளை அப்பா வைத்துக்கொள்ளட்டும்” என்று அதை இவரிடம் நீட்டினார். அப்போதும் அவர் முகத்தில் சிரிப்பில்லை. இவரும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

பிறகு அவளை மதினியிடமிருந்து வாங்கி என் கையில் கொடுத்தார். கருங்கல்லைத் தூக்கித் தூக்கிப் பழகிய கை. அந்த எடைக்குத் தம் பிடித்து வாங்கியதில் அவள் பஞ்சாக மேலே எழும்பிவிட்டாள், என் நெற்றிக்கு நேராக. இவ்வளவு லேசாக இருப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு அது பிடித்துப் போயிற்று. காலை உதைத்தாள்.

“இனியாவது குழவியத் தாருங்க, துவையல் அரைக்கணும்” என்றாள் மதினி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

இவர் கல்லோடு பக்கத்தில் வந்து குனிந்தார். அவள் கை நீட்டி அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடித்தாள். இரண்டு கையிலும் கல் இருந்ததால் அவரால் தடுக்க முடியவில்லை. வார்டன் அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை அவள் விரல்களை யாரும் பிரிக்கவில்லை.