பேஜர் என் இடுப்பில் இருந்தது

அந்தச் சனிக்கிழமை பேஜரை அணைத்தவன் நான். வேலை போனது யூசுஃபுக்கு. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. உங்களிடம் சொல்கிறேன்.

2003. டெக்சஸில் ரவுண்ட் ராக். யூசுஃபும் நானும் ஒரே கம்பெனி, ஒரே டீம். அதற்கு முன் அவன் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் வேலை பார்த்தவன். அந்த ஊர்க் கால்பந்து அணியை மட்டும் அவனால் விட்டுவர முடியவில்லை. பெரிய லீகுகளுக்கெல்லாம் கீழே, எலக்ட்ரீஷியனும் தபால்காரரும் வேலை முடிந்து வந்து ஆடுகிற அணி அது. சனிக்கிழமை காலைகளில் அவன் அபார்ட்மெண்டில் கம்ப்யூட்டர் வழியாக அந்த ஊர் ரேடியோ வர்ணனையைக் கேட்போம்.

நான் கால்பந்து ரசிகனா? இல்லவே இல்லை. என்னை இழுத்தது ஒரே விஷயம்... அங்கே கடைசியில் முடிக்கிற அணிகளை ஒரு படி கீழே இறக்கிவிடுவார்கள். முதலில் வருவது மேலே ஏறும். அமெரிக்காவில் எத்தனை தோற்றாலும் ஓர் அணி தன் லீகிலேயே இருக்கும். இறங்கிய அணிக்கு அந்த ஊர் மறுபடி டிக்கெட் வாங்குமா? யூசுஃபைக் குடைந்துகொண்டே இருப்பேன்.

"கீழ போனா என்னடா? நம்ம டீம் நம்ம டீம்தானே. நெக்ஸ்ட் சீசன் பாத்துக்கலாம்" என்பான்.

அவ்வளவுதானா? என்னால் நம்ப முடியவில்லை.

சீசனின் கடைசி ஆட்டம் வந்தது. ஜெயித்தால் தப்பிக்கலாம். அன்று வாடிக்கையாளரின் சர்வர் விழுந்து பேஜர் அதிர்ந்தால் ஓட வேண்டிய முறை யூசுஃபுடையது. நான்தான் கையை நீட்டினேன்.

"பேஜர குடுடா. இன்னைக்கு நான் ஹேண்டில் பண்ணிக்கறேன், நீ மேட்ச் கேளு."

ஆட்டம் முடியப் போகிறது, ஒன்றுக்கு ஒன்று. அப்போதுதான் பேஜர் அதிர்ந்தது. எழுந்து போயிருக்க வேண்டும்... ஆனால் இறங்கப்போகிற ஓர் ஊரின் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டே ஆக வேண்டும் எனக்கு! அணைத்தேன். கொஞ்ச நேரம்தானே என்று நினைத்தேன்.

விசில் ஒலித்தது. கோல் விழவில்லை, அணி இறங்கிவிட்டது. ஊர்க்காரர்கள் திட்டவில்லை. பாடினார்கள்... இறங்கிய அணிக்காக ஊரே நின்று பாடியது. யூசுஃப் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரியாணியைச் சூடு பண்ணப் போனான். நானும் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டேன். பேஜர் நினைவுக்கு வந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. அதற்குள் வாடிக்கையாளரின் ஆர்டர்கள் அத்தனையும் முடங்கிக் கிடந்தன.

திங்கட்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, சனிக்கிழமை யாருடைய முறை என்று கேட்டார். அட்டவணைப்படி யூசுஃப் என்றேன். பொய்யில்லை, பாருங்கள்! என் கிரீன் கார்டு கடைசிக் கட்டத்தில் இருந்தது. பயந்துவிட்டேன்.

அடுத்து யூசுஃபைக் கூப்பிட்டார். அவன் வெளியே வந்ததும், "என்னடா கேட்டாரு?" என்றேன்.

"ஷெட்யூல்ல என் பேர்தானேடா இருக்கு" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்து வந்த ஆட்குறைப்பில் அவன் பெயர் இருந்தது. விசா முடிவதற்குள் வேறு வேலை கிடைக்கவில்லை. அவனையும் அவன் மனைவியையும் கைக்குழந்தையையும் ஏர்போர்ட்டில் கொண்டுவிட்டது நான்தான். பெட்டிகளையும் நானே தூக்கினேன். அவனுக்கு ஏது அடுத்த சீசன்?

இரண்டு வருடம் கழித்துச் சென்னையிலிருந்து போன் செய்தான்.

"டேய், நம்ம மேல ஏறிட்டோம்டா!"

நம்ம என்றான். என்னையும் சேர்த்து. பேஜர் யாரிடம் இருந்தது என்று அவனுக்குத் தெரியும்... அவன் கையால்தானே கொடுத்தான். பிறகு ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? எதையும் தோண்டித் தோண்டிக் கேட்கிறவன் நான். இந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை. கேட்டால் அவன் பதில் சொல்லிவிடுவான்.

"எத்தன கோல்டா?" என்று கேட்டேன்.