கிட்டங்கிச் சுவர்

இன்று கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் அந்தக் கடற்கரை நடைபாதையில் உட்கார்ந்து அஸ்தமனம் பார்க்கிறார்கள். சிமென்ட் இருக்கைகள், வரிசையாக விளக்குகள், சங்கு மாலைக் கடைகள். பாறைமேல் மண்டபம் பின்னால் தெரிய ஆளுக்கொரு படம். அழகாகத்தான் இருக்கிறது. எனக்கென்னவோ அந்த அழகின்மேல் இன்றுவரை நம்பிக்கை வரவில்லை.

2004 சுனாமிக்கு முன்பு அங்கே கருவாடு அடுக்கும் பழைய கிட்டங்கி ஒன்று இருந்தது. அலை கூரையையும் மூன்று சுவர்களையும் கொண்டுபோயிற்று. நெட்டையான ஒரு சுவர் மட்டும் நின்றது. அதன்பிறகு எங்கள் கரைக்கு வராத ஆளில்லை. பாய் தந்தார்கள், பாத்திரம் தந்தார்கள், படம் பிடித்துக்கொண்டு போனார்கள். சும்மா கொடுக்கிறவன் எதை எடுக்க வருகிறான் என்று பார்க்கும் புத்தி எனக்கு அப்போதுதான் வந்தது. ஆகவே, கடற்கரையை அழகுபடுத்தப் போகிறோம் என்று ஓர் அதிகாரி மாதா கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டபோது, அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"அந்த ஒத்தைச் சுவரை இடிக்கப் போறோம். யாருக்காவது அது தேவைப்படுதா?" என்று அதிகாரி கேட்டார்.

அப்பாவுக்குத் தேவைப்பட்டது. கடலடியில் மீன் அடையும் பாறைக்கு எங்கள் பேச்சில் 'பாரு' என்று பெயர். அங்கே போய்ச் சேரப் பெயர்ப்பலகையா இருக்கிறது? கரையில் ஒரு கட்டடமும் அதற்குப் பின்னால் ஒரு மலை உச்சியும் ஒரே கோட்டில் விழவேண்டும். இன்னொரு பக்கம் அப்படியே இன்னொரு ஜோடி. இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் தூண்டிலை இறக்கவேண்டும். இந்த அடையாளத்துக்குக் கணியம் என்று பெயர். தன் கணியத்தை எவரும் வெளியே சொல்வதில்லை. அப்பாவின் கணியத்தில் ஒன்று அந்தச் சுவர். நான் கடலுக்குப் போகாத பெண் என்பதால் எனக்கு மட்டும் சொல்லியிருந்தார்.

முன்வரிசையில் சித்தப்பா இருந்தார். அவரும் தூண்டில்காரர், அப்பாவோடு பேச்சை நிறுத்திப் பல வருடமாகியிருந்தது. அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"சும்ம இருங்கப்பா. சுவரு வேணும்னு சொன்னா என்னத்துக்குன்னு எல்லாரும் யோசிப்பாவ. சித்தப்பா முதல்ல யோசிப்பாரு."

"அதும் சரிதான் மக்கா" என்று உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் வேறு யாரும் வாய் திறக்கவில்லை. அதிகாரிக்கு மகிழ்ச்சி.

கடல் சீறும் ஆடி மாதத்தில் வள்ளங்கள் கரையேறிக் கிடந்தபோது சுவரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஆவணியில் கடலுக்குப் போன அப்பா வெறுங்கையோடு வந்தார். கடலிலிருந்து பார்த்தால் கரை முழுக்க ஒரே மாதிரி லாட்ஜும் விளக்குக் கம்பமும்தான். வாரக்கணக்கில் தேடினார். பிறகு எல்லாரையும் போலக் கரையோரம் சாளை மீனுக்கு வலைபோட ஆரம்பித்தார். என்னைக் கல்லூரிவரை படிக்கவைத்தது அந்தப் பாருவின் மீன்.

ஏழெட்டு வருடம் கழித்து ஒரு மாலை நானும் அப்பாவும் நடைபாதையில் உட்கார்ந்திருந்தோம். சித்தப்பா வந்து அதே இருக்கையின் மறுகோடியில் உட்கார்ந்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கேன். கிட்டங்கிச் சுவருதானே ஒமக்குக் கணியம்?"

அப்பா திரும்பவே இல்லை.

"எனக்கும் அதான். ஒம்ம பாரு எனக்கு எப்பவோ தெரியும். நீரு போகாத நாளாப் பாத்துப் போவேன். அன்னைக்குக் கூட்டத்துல வாயத் தொறந்தா நீரு கண்டுபிடிச்சிருவீருன்னு சும்ம இருந்துட்டேன்."

இருவரில் ஒருவர் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். பேச எழுந்தவரை உட்காரவைத்தவள் நான்.

"இப்பம் கெடைக்கா?" என்று அப்பா கடலைப் பார்த்தே கேட்டார்.

"இல்லண்ணே. நானும் தேடித் தேடிப் பாத்தாச்சு."

வீட்டுக்கு நடக்கையில் அப்பா என் காதருகே குனிந்தார். "புளுகுகான் மக்கா. அவனுக்குப் பாரு கெடச்சிட்டு. நாம தேடாம இருக்கதுக்குத்தான் இப்பிடிச் சொல்லுகான்."

சித்தப்பாவின் கண் நிறைந்திருந்ததை நான் பார்த்திருந்தேன். பார்த்த பிறகும் எனக்கு அதே சந்தேகம்தான் வந்திருந்தது.