விசையை விட்டால் நிற்க வேண்டும்

நூற்பாலையில் அவருக்கு வழங்கிய பெயர் நாடிக்காரர். முப்பத்து நான்கு ஆண்டுகள் அங்கே இயந்திரப் பராமரிப்பில் இருந்தவர். ஓயாத இரைச்சலில் முதல் பத்தாண்டுகளுக்குள்ளாகவே செவி மந்தமாகிவிட்டது. அதற்காக அவர் கலங்கியதாகத் தெரியவில்லை. ஓடுகிற இயந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைப்பார், கண்ணை மூடுவார், "பேரிங் தேஞ்சுபோச்சு" என்றோ "எண்ணெய் வத்திருச்சு" என்றோ சொல்லுவார். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று அவர் ஒருவரையும் கேட்டதில்லை. கைதான் அவருக்குக் காது.

அந்தக் கையை நினைத்துத்தான் அவர் மனைவி பயந்தாள்.

ஆலையில் சுழலும் பாகங்களுக்கெல்லாம் மூடி உண்டு. கை வைக்கும் இடம் எது, வைக்கலாகாத இடம் எது என்பது அவருக்கு மனப்பாடம். வீட்டில் அந்தக் கணக்கு உதவவில்லை. ஓய்வு பெற்றபின் ஊரோரத்தில் ஓர் ஏக்கர் தோட்டத்தோடு அவர்கள் வாங்கிய வீட்டில், சென்ற மாதம் தண்ணீர் மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்கப் போனவர், பழக்கத்தில் பெல்ட்டின் மேலேயே கையை வைத்துவிட்டார். மோதிரவிரல் நகம் சதையோடு போயிற்று.

"நகந்தானே, முளைக்காமயா போயிடும்?" என்றார், கட்டுப் போட்ட கையை ஆட்டிக்கொண்டு.

அன்றுமுதல் அவளுக்கு நிம்மதி இல்லை. அவர் எழுந்து நடந்தால் அவளும் எழுந்தாள். மிக்சி ஓடும்போது அடுக்களை வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றாள். மகள் தொலைபேசியில் "என்னம்மா, அப்பாவுக்குக் காவல் வேலை பாக்குறியா?" என்று சிரித்தபோது, அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த நிலையில்தான் மழை பெய்து ஓய்ந்தது. புல் இடுப்பளவு வளர்ந்தது. மூன்று பக்கத்து உயிர்வேலியும் பாதையை அடைத்தது. கிளைகள் கூரையில் உரசின. துணி துவைக்கும் கல்லின் மேல் ஒரு பாம்பு சாவகாசமாக ஊர்ந்து போனதை இருவருமே பார்த்தார்கள். வேலைக்கு ஆள் சொல்லி வைத்தால், வருகிறேன் என்பவர்கள் வரவில்லை.

நாடிக்காரர் குறிப்பேட்டை எடுத்தார். அடிமட்டம் வைத்துக் கட்டம் போட்டார். வாங்க நினைத்தது ஒரு புல்வெட்டி: ஒரே பெட்ரோல் இன்ஜின். நீண்ட குழாயின் நுனியில் வெட்டும் தலையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நைலான் நரம்பு பூட்டினால் புல் வெட்டும், வட்டக் கத்தி பூட்டினால் புதரை அறுக்கும், வேலி கத்தரிக்க ஒரு தலை, உயரக் கிளைக்கு ஒரு ரம்பத் தலை. நான்கு கருவி தனித்தனியாக வாங்கக் கட்டுப்படியாகாது, இது ஆகும். எடை, குழாயின் நீளம், உதிரிப்பாகம் கிடைக்குமா, எண்ணெய் கலந்த பெட்ரோலா தனிப் பெட்ரோலா என்று பதினொரு கேள்விகள் எழுதினார்.

அவளிடம் ஒரே கேள்விதான் இருந்தது. அதை அவள் எழுதவில்லை.

கடைத்தெருவின் கோடியில், பம்புகளும் தெளிப்பான்களும் அடுக்கிய கடை. கடைக்காரர் மூன்று இயந்திரங்களைக் கொல்லைப்புறத்துச் சிமெண்டுத் தரையில் கொண்டுவந்து வைத்தார். ஒன்று பெயர்பெற்ற கம்பெனி. இன்ஜினுக்கு ஒரு விலை, ஒவ்வொரு தலைக்கும் தனி விலை. நாடிக்காரர் விலைச்சீட்டைப் பார்த்தார்; குறிப்பேட்டில் அதன் பத்தியையே அடித்துவிட்டார். இன்னொன்று நடுத்தரம், எண்ணெய் கலக்க வேண்டாம், ஆனால் கனம். மூன்றாவதுதான் மலிவு, நான்கு தலை, தோள்வார், பாதுகாப்புக் கண்ணாடி எல்லாம் சேர்த்தே விலை.

"ஐயா, இதுதான் சூடா போயிட்டிருக்கு. ஓட்டிக் காட்டட்டுமா?"

"என்ன சுடுது?" என்றார் நாடிக்காரர்.

"விலை குறைச்சல்னு சொல்றாருங்க!" என்று அவள் அவர் இடது காதில் கத்தினாள்.

கடைக்காரர் மலிவானதில் வட்டக் கத்தியைப் பூட்டி, அதன் நுனியை ஒரு மரக்கட்டையின் மேல் தாங்கலாக வைத்தார். கயிற்றை இழுத்தார். மூன்றாம் இழுப்பில் இன்ஜின் உறுமியது. கைப்பிடியில் இருந்த விசையை ஒருமுறை அழுத்தி, பிறகு விட்டார். உறுமல் தணிந்து முனகலாயிற்று.

"விசைய விட்டாச்சுன்னா அவ்வளவுதாங்க, சாந்தமாயிடும்," என்று சொல்லிக்கொண்டே வேறு தலையை எடுக்கத் திரும்பினார்.

கத்தி சாந்தமாகவில்லை. சுழற்சியில் அதன் பற்கள் கண்ணுக்குத் தெரியாமல் கலைந்து, அசையாத தகடுபோல மினுங்கியது. நாடிக்காரர் அதை நின்றதாகவே எடுத்துக்கொண்டார். குனிந்தார். கண்ணை மூடினார். கட்டுப் போட்ட கை தானாக நீண்டது.

அவள் கத்தவில்லை. கத்திப் பயனில்லை என்பது முப்பதாண்டுப் பாடம். சட்டைக் கழுத்தைப் பின்னாலிருந்து இரு கைகளாலும் பற்றி இழுத்தாள். இருவரும் தரையில் விழுந்தார்கள். குறிப்பேடு எங்கேயோ பறந்தது.

கடைக்காரர் ஓடிவந்து இன்ஜினை அணைத்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. "அம்மா... அது... விசைய விட்டப்புறம் ஓடுற ஐட்லிங் வேகம் கொஞ்சம் ஏறியிருக்கு. திருகிக் குறைச்சுடலாம்மா."

"என்னடி இது, நாலு பேர் முன்னாடி!" என்று நாடிக்காரர் எழுந்து உட்கார்ந்தார். பிறகுதான், ஓசையின்றி வேகம் குறைந்து, பல் பல்லாகத் தெரிய ஆரம்பித்த கத்தியைப் பார்த்தார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், வேறொருவருடையதைப்போல.

அவள் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். கடைக்காரரிடம் சொன்னாள்: "அந்த நடுத்தர விலை மிஷின ஓட்டுங்க. விசைய விட்டா நிக்குதான்னு பாக்கணும்."

அது நின்றது. விசையை விட்டபின் அவள் வாய்விட்டு எண்ணினாள். ஐந்தில் கத்தி அசைவற்றது. இன்ஜின் மட்டும் முனகியது. மறுபடி ஓட்டச் சொன்னாள். மறுபடி ஐந்து.

"எப்பவும் இப்படியே நிக்குமா?"

கடைக்காரர் நேர்மையானவர்தான். "இப்ப நிக்கும்மா. கிளட்ச் தேஞ்சா இதுவும் சுத்தத்தான் செய்யும். அப்பப்பப் பாத்துக்கணும்."

அந்தச் சொல்லில் அவள் மனம் ஒரு முடிவுக்கு வந்தது. எந்த இயந்திரமானாலும் பயம் தீராது. அது யார் தோளில் தொங்குகிறது என்பதுதான் கேள்வி.

"வாங்கிக்கலாம். ஆனா நான்தான் ஓட்டுவேன்," என்று அவர் காதில் சொன்னாள். "பழுது பாக்கறது, பிளக் துடைக்கறது எல்லாம் உங்க வேலை. அதுவும் ஆறினப்புறம்."

"நீயா? மூஞ்சூறு ஓடினாலே நாற்காலி மேல ஏறுறவ! ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். உங்க பத்து விரலையும் எண்ணிப் பாத்துட்டுச் சிரிக்கட்டும்."

மறுநாள் காலையில் அவள் தோட்டத்தின் குறுக்கே, கிணற்றிலிருந்து வேலிவரை துணி காயப்போடும் கயிற்றைக் கட்டினாள். இருபது தப்படிக்கு அப்பால் அவர் நிற்க வேண்டும். அவர் முணுமுணுத்தார்; நின்றார். அவளுக்குத் தோள்வாரை இறுக்கிவிட்டு, இன்ஜினை இழுத்துக் கிளப்பிக் கொடுத்தபின், கயிற்றுக்கு அப்பால் போனார்.

அவள் புல்லுக்குள் இறங்கினாள். இடுப்பில் அதிரும் இன்ஜின் ஈரக்குலையையே குலுக்குவதுபோல் இருந்தது. புல் சீறிச் சரிந்தது. ஒவ்வொரு வீச்சுக்கும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்: நிற்கிறாரா? நிற்கிறார். கால்வாசித் தோட்டம்கூட ஆகவில்லை. தடித்த கொடியொன்று கருவியின் தலையில் சுற்றிக்கொண்டு இன்ஜின் திணறியது. விசையை விட்டாள்.

திரும்பிப் பார்த்தபோது அவர் கயிற்றுக்கு இப்புறம் இருந்தார். சிக்கிய இயந்திரத்தைக் கண்டு ஆலைக்கால்கள் நடந்துவிட்டன. முன்னே நீண்டிருந்தது கை. அவளுடைய கட்டைவிரல் நிறுத்தும் பொத்தானைத் தேடியது, வியர்வையில் வழுக்கியது, மறுபடி தேடி அழுத்தியது. இன்ஜின் அடங்கியது. அவருக்கு அது எப்படித் தெரியும்?

அவர் நான்கு தப்படியில் நின்றுவிட்டார். நீட்டிய கையைப் பார்த்தார். அதைக் கீழே விட்டார்.

"நின்னுடுச்சா?" என்று கேட்டார்.

அவள் உதடு அசைந்தது, குரல் எழவில்லை.

"வாயத் தொறந்து சொல்லேம்மா."

"சொன்னா மட்டும் கேக்கப்போகுதாக்கும்!" என்று வெடித்தவள், இனித் தவறியும் கிளம்பாதபடி பிளக்கின் தொப்பியைப் பிடுங்கி அவருக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்டினாள், பிறகு, வெட்டிய புல்லின் மேலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.