என் பணத்துக்கே நான் கட்டிய வட்டி

தாலுகா ஆபீஸில் ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விதிமுறைகள் எல்லாம் அத்துப்படி. மகளுக்கென்று வைத்திருந்த வளையல்களை, வீட்டுக்கு ஓடு மாற்றுவதற்காகக் கொல்லங்கோட்டில் ஒரு பாங்கில் அடகு வைத்தேன். தையில் அவளுக்குக் கல்யாணம். தவணை ஒருநாளும் தவறவில்லை. வட்டியை மட்டும் ஏற்றிக்கொண்டே போனார்கள்.

"ஒழுங்கா கட்டறவனுக்கு இதுதானா மரியாதை?" என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"சாரே, சர்க்குலர் ஆளைப் பார்த்து வர்றதில்லையே" என்றார்.

மேலிடத்துக்கு மனு எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது பக்கத்தில் மனைவி குறுக்கிட்டாள்.

"ஏனுங்க, உங்க கிராஜுவிட்டி பணம் எங்கீங்க இருக்குது?"

"அதே பாங்குலதான், டெபாசிட்டுல. கெடுவுக்கு முன்னால எடுக்கறது முறையில்ல."

"அப்ப நம்ம பணத்தை அவங்களுக்குக் கம்மி வட்டிக்குக் குடுத்துப்போட்டு, அவங்ககிட்ட அதிக வட்டிக்கு வாங்கறமாக்கும்? நல்லா உத்தியோகம் பாத்தீங்க, போங்க!"

மறுநாளே டெபாசிட்டை முறித்துக் கடனை அடைத்தேன். அதில் இழந்தது, இனிக் கட்டவிருந்த வட்டியைவிடக் குறைவுதான். தையில் மகள் அந்த வளையல்களோடு மணவறையில் உட்கார்ந்தாள்.

இப்போதெல்லாம் வட்டி ஏறினால், மனு எழுதுமுன் என் பணம் எங்கே தூங்குகிறது என்று பார்க்கிறேன். மனுவுக்கு வாங்கிய தாள் நிறைய மிச்சம். இதை அதில்தான் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.