படையலில் விட்டுப்போன குழம்பு

எங்கள் நைனாவுக்கு எதைச் சமைத்துப் போட்டாலும் பிடிக்கும். அப்படித்தான் சொல்வார், அதுதான் தொல்லை. ஒருநாள் அம்மா சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டாள். நான் ஒரு வாய் வைத்துத் துப்பினேன். மனுஷன் இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டு "சூப்பர்" என்றார்.

அவர் போய்ப் பதினைந்தாம் நாள், காரியத்துக்கு முந்தின பகல், படையல். போனவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் இலையில் வைப்பது எங்கள் வழக்கம். காலையிலேயே நைனாவின் இரண்டு அக்காக்களும் தூக்குச்சட்டியோடு எங்கள் தேனாம்பேட்டை வீட்டில் வந்து இறங்கிவிட்டார்கள். ஊரூர் குப்பத்து அத்தை கொண்டுவந்தது நெத்திலி வறுவல். மயிலாப்பூர் அத்தை கொண்டுவந்தது கறிக்குழம்பு.

"எந் தம்பிக்கு எங்கையால வறுத்த நெத்திலின்னாதான் உசுரு."

"சொம்மா இருடி. எங்கொழம்ப துன்னுட்டு, 'இதுக்கு மேல ஒண்ணும் இல்லக்கா'ம்பான். ஒனக்கு இன்னா தெரியும்?"

இருவருமே பொய் சொல்லவில்லை. இரண்டு வீட்டிலும் அவர் அதைத்தான் சொல்லியிருப்பார். ஊரில் ஒருத்தர் மனசும் கோணக்கூடாது அவருக்கு.

அம்மாவைத் தேடிச் சமையலறைக்குப் போனேன். பற்றவைக்காத அடுப்பின் முன்னால் நின்றிருந்தாள்.

"நான் ஆக்குனதுல எதுடி புட்ச்சிது அந்தாளுக்கு? முப்பது வர்சம் ஆக்கிப் போட்டேன். இன்னா வெக்கிறதுன்னே தெரியலியே எனக்கு."

தூக்கிக்கொண்டு போன அன்று கூட இப்படி உடைந்து அழவில்லை அவள். எனக்கு நைனா மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு நாளாவது முகத்தைச் சுளித்துத் தொலைத்திருக்கலாம், வித்தியாசமாவது தெரிந்திருக்கும். கடைசியில் அம்மா வெறும் சோற்றை வடித்து இறக்கினாள். அத்தைகள் இலையை நிரப்பினார்கள்.

நான் கற்பூரம் ஏற்றப்போகிற நேரம் நைனாவோடு கிண்டி கம்பெனியில் வேலை பார்த்த பெரியவர் மாலையோடு வந்தார். படத்துக்குப் போட்டுவிட்டு இலையை ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னா தங்கச்சி, கருவாட்டுக் கொழம்பக் காணோம்?"

"அதுவா? அது நான் லேட்டா எழுந்த அன்னிக்கு அவசரத்துக்கு வெக்கிறதுண்ணா."

"நல்லாக் கீதே கத! மத்த நாள்ல உன் வூட்டுக்காரர் டப்பால பத்து பேர் கை வெப்போம். கருவாட்டுக் கொழம்புன்னா மட்டும் செவுத்தப் பாத்து திரும்பி உக்காந்துக்குவாரு. ஒரு துண்டு குடுன்னா, 'கேன்டீன்ல போய் துன்னு'ம்பாரு. அந்த மனுசன் அடம் புட்ச்சது அது ஒண்ணுக்குத்தான்."

அம்மா அவரை அப்படியே பார்த்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகினாள்.

"கற்பூரத்த கீழ வை."

"நேரம் ஆவுதுடி," என்றாள் மயிலாப்பூர் அத்தை.

"ஆவட்டும் அண்ணி. அவர் எங்க போயிடப் போறாரு?"

வாளைக் கருவாட்டை வெந்நீரில் அலசி, கத்திரிக்காய் வெட்டிப் போட்டு, புளியைக் கரைத்து ஊற்றினாள். சந்து முழுக்க வாசம் தூக்கியது. நெத்திலியையும் கறியையும் ஓரம் தள்ளிவிட்டுச் சோற்றின் நடுவில் குழிபறித்துக் குழம்பை ஊற்றினாள். "இத வாயத் தொறந்து சொன்னா இன்னாய்யா?" என்று படத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். சந்தோஷம் தாங்காமல் எனக்கு அழுகை வந்தது.

படையல் முடிந்தால் எல்லாரும் பகிர்ந்து சாப்பிட வேண்டும். குப்பத்து அத்தை தட்டை நீட்டினாள். அம்மா நெத்திலியை அள்ளி வைத்தாள், கறியை அள்ளி வைத்தாள். கருவாட்டுச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். யாருக்கும் ஒரு சொட்டுத் தரவில்லை. பதினைந்து நாளாகக் காப்பியில் உயிரை ஓட்டிய என் அம்மா மூன்று முறை சோறு போட்டுக்கொண்டு, சட்டியை வழித்துச் சாப்பிட்டாள்.