மூன்று முறை இழுத்த கயிறு

இது நடந்தது. நம்பாதவர்கள் ஜெலுத்தோங்குக்கு வந்து வாசுவின் இடுப்பைப் பார்க்கலாம். கயிறு இறுகிய தழும்பு இன்னும் இருக்கிறது. சட்டையைத் தூக்கிக் காட்ட அவன் சம்மதிக்க மாட்டான், அது வேறு விஷயம்.

வாசுவும் பாக்கியசாமியும் டீசல் தொட்டி கழுவுகிறவர்கள். அங்கே ஒரு டிப்போவில் டீசல் போட்ட லோரிகள் போகிற வழியெல்லாம் மூச்சு முட்டி நின்றுகொண்டிருந்தன. பில்டரைக் கழற்றினால் உள்ளே வெள்ளை நூல். "கந்தல் துணிய போட்டுத் தொடச்சிருப்பானுங்க லா," என்று திட்டினான் வாசு. பூமிக்கடியில் இருந்த பெரிய தொட்டியைக் காலி செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏணியில் இறங்கினான்.

அவன் மாட்டியிருந்த முகமூடிக்குள் மேலேயிருந்து ஒரு குழாய் வழியாகக் காற்று வரும். கழற்றினால் டீசல் ஆவியில் ஆள் சுருண்டுவிடுவான். முகமூடியோடு கத்தினாலும் மேலே கேட்காது. அதனால்தான் இடுப்பில் நீலக் கயிறு. மறுமுனை மேலே பாக்கியசாமியின் கையில். ஒரு இழுப்பு என்றால் நலமா என்று கேட்பது. இரண்டு என்றால் நலம். மூன்று என்றால் உடனே வெளியே வா.

தொட்டியில் பாதி தூரம் போய், அடியில் படிந்திருந்த வழவழப்பான சேற்றை வழித்தான். ஒரு இழுப்பு கொடுத்தான். இரண்டு வந்தது.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் இரண்டு வந்தது. அவன் கேட்கவேயில்லை.

சேறு தெறித்து முகமூடிக் கண்ணாடி மங்கியது. துடைத்தான். இன்னும் மங்கியது. எந்தப் பக்கம் வெளிச்சம் என்றே தெரியவில்லை.

வெடுக்... வெடுக்... வெடுக்...

மூன்று.

கயிறு இழுத்த பக்கமே நடந்தான். நடந்தான்... ஏணி வரவில்லை.

காற்றுக்குழாய் பின்னாலிருந்து முகமூடியை இழுத்தது. ஏணியை நெருங்கினால் குழாய் தளர வேண்டும். இது இறுகியது.

அப்படியானால் இந்தக் கயிறு...?

திரும்பினான். இடுப்பு நெரிந்தது. உள்ளேயிருந்து ஏதோ ஒன்று நிதானமாகச் சுருட்டி இழுத்தது. மனைவி காமினிக்கு இது ஏழாம் மாதம். அது ஒன்றுதான் மனதில் ஓடியது.

விரல்கள் வழுக்கின. முடிச்சு...

அவிழ்ந்தது.

குழாயைப் பிடித்துக்கொண்டே தவழ்ந்தான். ஏணி. வெயில்.

"ஏண்ணே மூணு இழுத்தீங்க?"

"நான் எங்கடா இழுத்தேன்? நீதான் ரெண்டு ரெண்டா இழுத்துக்கிட்டே இருந்தே. நல்லா இருக்கேன்னுல்ல நெனச்சேன்."

பாக்கியசாமியின் கையில் கயிறு இன்னும் விறைப்பாகவே இருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். அது ஒரே ஒரு முறை இழுபட்டது.

நலமா என்று கேட்டது.

அவர் பிடியை விட்டார். கயிறு சரசரவென்று உள்ளே போய்விட்டது.

மறுநாள் விளக்குகளோடு நான்கு பேர் இறங்கித் தேடினார்கள். தொட்டி காலி. கயிறும் இல்லை.

அடுத்த வாரம் ஒரு லோரி நின்றது. பில்டரில் நீல நூல்.

அந்தத் தொட்டியை முன்பு கழுவியவரைத் தேடிப்பிடித்துப் போன் செய்தான் வாசு.

"உங்க கயிறு வெள்ளையாண்ணே?"

"ஆமா."

"உள்ளாற போய்டுச்சா?"

"ஆமா."

"கயிறு மட்டுந்தானே?"

அவர் போனை வைத்துவிட்டார்.